சாக்கடை நீரும் ஒரு சாதனைப் பெண்மணியும்

(மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு)



நம்மில் ரீடிங் அடிக்காதவர் யார்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்! டைட்ரேஷனை மூன்று முறை செய்யச் சொன்னால் ஒரு முறை செய்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் பாயின்ட் ஒன்று கூட்டி, பாயின்ட் ஒன்று குறைத்து எழுதிவிட்டு கேன்டீனுக்குக் கிளம்புகிறவர்கள்தானே நாம்? சீனியரின் ரெக்கார்டு நோட்டு நமக்குப் பரம்பரைச் சொத்து. அதிலிருந்த தப்பு கூட வருஷா வருஷம் அப்படியே நம் கைக்கு வந்து சேருகிறது. நானும் அந்தப் பரம்பரைதான்.

இந்த ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். காமராஜரையும் அப்துல் கலாமையும் மற்ற நண்பர்கள் முந்திக்கொண்டார்கள். நான் சாக்கடைப் பக்கம் ஒதுங்கினேன். அங்கேதான் இந்த அம்மையாரைச் சந்தித்தேன். அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவர் அவர்தான். அது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மழை பெய்த ஒரு காலை

இரண்டாம் ஆண்டு முடிந்து இன்பிளான்ட் டிரெயினிங் வந்தது. நண்பர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரோலிங் மில், கெமிக்கல் கம்பெனி என்று இடம் பிடித்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஓர் ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். ஊர்ப் பெயர் வேண்டாம். கேட்டவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே வரும் கழிவுநீரில் ஒரு பாட்டில் எடுத்து பி.எச். பார்க்க வேண்டும். ஏரேஷன் டேங்க் தண்ணீரை ஒரு லிட்டர் ஜாடியில் ஊற்றி அரை மணி நேரத்தில் எவ்வளவு சேறு படிகிறது என்று பார்க்க வேண்டும். தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு நல்ல மழை. இன்லெட் சேம்பர் லேப்பிலிருந்து நூறு அடி தூரத்தில் இருந்தது. குடை இல்லை. முந்தின நாள் பி.எச். 7.2. அதற்கு முந்தின நாளும் 7.2. இன்றைக்கு மட்டும் மாறிவிடப் போகிறதா என்ன? நாற்காலியை விட்டு எழாமலே 7.2 என்று எழுதினேன். அப்போது ஜன்னல் வழியே பார்த்தேன். செப்டிக் டேங்க் லாரி ஒன்று மழையில் நின்று சேம்பரில் ஹோஸைப் போட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏரேஷன் டேங்கில் வெள்ளை நுரை. ஜாடியில் ஊற்றிய சேறு படியவே இல்லை. வெளியே போகும் தண்ணீர் கலங்கிப் போயிருந்தது. எங்கிருந்தோ ஏதோ ஒரு கெமிக்கல் உள்ளே வந்திருக்கிறது. நண்பர்களே, அந்த டேங்கில் உண்மையில் வேலை செய்வது மோட்டார் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். நாம் காற்று கொடுத்தால் அவை அழுக்கைத் தின்னும். ஆசிட் வந்தாலும், முலாம் பூசும் பட்டறையிலிருந்து குரோமியம் வந்தாலும் அவை செத்துப்போகும். திரும்ப வளர்த்தெடுக்கப் பல நாள் ஆகும். அதுவரை ஊர்ச் சாக்கடை பாதி சுத்தத்தோடு ஓடைக்குப் போகும்.

எப்போது வந்தது என்று கண்டுபிடிக்க இன்ஜினீயர் தாளைப் புரட்டினார். காலை 8 மணி 7.2. 10 மணி 7.2. 12 மணி 7.1. பகலில் ஒன்றும் இல்லை என்றால் ராத்திரிதான் வந்திருக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணன் தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். அவருக்கு மெமோ போனது. அந்த லாரிதான் காரணமா என்று யாராலும் இனிமேல் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே ஆளாக இருந்திருக்க வேண்டியவன் நான். நானோ அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

காலேஜ் திறந்ததும் எங்கள் லேப் சாரிடம் இதை யாருக்கோ நடந்த மாதிரி சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். திட்டவில்லை. எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்று ஒரு பேரை எழுதிக் கொடுத்து, போய்ப் படிடா என்று அனுப்பிவிட்டார். இனி அவர் கதை.

கடைக்காரர் மகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டன்ஸ்டபிள் என்ற சிற்றூரில் 1842-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் எலன் பிறந்தார். தாய் தந்தை இருவருமே ஆசிரியர்களாக இருந்தவர்கள். வசதி குறைந்த குடும்பம். மகளை நல்ல பள்ளியில் படிக்க வைப்பதற்காகத் தந்தை வெஸ்ட்ஃபோர்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து ஒரு கடை வைத்தார். எலன் கடையில் நின்று சாமான் நிறுத்துக் கொடுத்துக்கொண்டே படித்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் காலேஜ் போகக் காசில்லை. அந்தக் காலத்தில் பெண்களுக்கான காலேஜும் அபூர்வம். டியூஷன் எடுத்தார், வீட்டு வேலை செய்தார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். வருஷக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த காசோடு 1868-இல் வாசர் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. நம்மில் அரியர் வைத்துவிட்டு வயசாகிவிட்டதே என்று புலம்புகிறவர்கள் கவனிக்க!

அங்கே மரியா மிச்செல் என்ற புகழ்பெற்ற வானியல் அறிஞரிடம் பாடம் கேட்டார். வானத்து நட்சத்திரங்கள் அவரை இழுத்தன. ஆனாலும் தரையில் மனிதர்களுக்கு உடனே பயன்படுவது கெமிஸ்ட்ரி என்று தீர்மானித்தார். 1870-இல் பட்டம் பெற்றதும் கெமிக்கல் கம்பெனிகளுக்கு வேலை கேட்டு எழுதினார். பெண்ணுக்கு வேலை இல்லை. ஒரு கம்பெனி மட்டும், பாஸ்டனில் புதிதாக ஒரு தொழில்நுட்பக் கழகம் இருக்கிறதே, அங்கே கேட்டுப் பாருங்கள் என்று வழி சொன்னது. அதுதான் எம்.ஐ.டி. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.!

கட்டணமில்லாத மாணவி

எம்.ஐ.டி. அதுவரை ஒரு பெண்ணைக்கூடச் சேர்த்ததில்லை. எலனைத் தனி மாணவியாகச் சேர்த்துக்கொண்டது. அதுவும் ஃபீஸ் இல்லாமல்! தன் ஏழ்மையைப் பார்த்து இரக்கப்பட்டார்கள் என்று எலன் நினைத்து நெகிழ்ந்து போனார். உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. யாராவது எதிர்ப்பு தெரிவித்தால், இவர் எங்கள் மாணவியே இல்லை, ஃபீஸ் கூட வாங்கவில்லையே என்று சொல்லித் தப்பிப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. முன்பே தெரிந்திருந்தால் சேர்ந்திருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் அவர் வருந்தியிருக்கிறார்.

சேர்ந்த சில மாதங்களில், 1871-இல், தந்தை ரயில் விபத்தில் அடிபட்டு இறந்தார். துக்கத்தைச் சுமந்துகொண்டே படிப்பைத் தொடர்ந்தார். லேப்பைப் பெருக்கினார், மேஜையைத் துடைத்தார், பேராசிரியர்களின் கிழிந்த துணியைக்கூடத் தைத்துக் கொடுத்தார். இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது கோபமூட்டும். நியாயமான கோபம்தான். ஆனால் எலன் ஒரு கணக்குப் போட்டிருந்தார். இந்தப் பெண் இல்லாமல் லேப் நடக்காது என்று அவர்கள் நினைக்கும் அளவுக்குத் தன்னைத் தேவையாக்கிக்கொண்டால் கதவை மறுபடி சாத்த முடியாதல்லவா?

அங்கே பேராசிரியர் வில்லியம் நிக்கல்ஸ் மாநில சுகாதார வாரியத்துக்காகத் தண்ணீர் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். பெண்கள் அறிவியல் படிப்பதில் அவருக்கு உடன்பாடு கிடையாது. அப்படிப்பட்டவரே 1872 வாக்கில் அந்த வேலையை எலனிடம் ஒப்படைத்தார். காரணம் எளிது: இவர் எழுதும் எண்ணை நம்பலாம். சலுகையால் கிடைக்காத இடம் சரியான ரீடிங்கால் கிடைத்தது!

1873-இல் எம்.ஐ.டி.யின் முதல் பட்டதாரிப் பெண் ஆனார். மேலும் படித்து டாக்டர் பட்டம் வாங்க ஆசைப்பட்டார். அந்தப் பட்டத்தை மட்டும் எம்.ஐ.டி. கடைசிவரை தரவில்லை.

லேப்பில் மலர்ந்த இல்லறம்

சுரங்கப் பொறியியல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸ் எலனிடம் தன் விருப்பத்தைச் சொன்னது கெமிஸ்ட்ரி லேப்பில்தான்! 1875 ஜூன் மாதம் திருமணம். தேனிலவுக்குக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். கூடவே ராபர்ட்டின் சுரங்கவியல் வகுப்பு மாணவர்களும் போனார்கள். தேனிலவும் ஆச்சு, ஃபீல்ட் ட்ரிப்பும் ஆச்சு! கணவரின் துறையிலும் சளைக்காமல் தாது மாதிரிகளைப் பகுத்தாய்ந்ததால் 1879-இல் அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

தனக்குத் திறந்த கதவு மற்றப் பெண்களுக்கும் திறக்க வேண்டும் என்று 1876-இல் எம்.ஐ.டி.யில் பெண்களுக்கென்று ஒரு சோதனைக்கூடம் தொடங்க வைத்தார். அதில் சம்பளம் வாங்காமல் பாடம் நடத்தினார். தன் கைக்காசையும் போட்டார். மளிகைப் பொருளில் என்ன கலப்படம், வீட்டுச் சுவரில் ஒட்டும் வண்ணக் காகிதத்தில் ஆர்சனிக் எவ்வளவு என்றெல்லாம் அங்கே பரிசோதித்தார்கள். 1883-இல் அந்த லேப் மூடப்பட்டது. தோல்வியினால் அல்ல, பெண்களை எல்லோரையும் போலச் சாதாரண லேப்பிலேயே சேர்த்துக்கொள்ள எம்.ஐ.டி. சம்மதித்துவிட்டதால்! அடுத்த ஆண்டு, 1884-இல், சுகாதார வேதியியல் பிரிவில் எலனை இன்ஸ்ட்ரக்டராக நியமித்தார்கள். இறக்கும் வரை 27 ஆண்டுகள் அதே பதவிதான். பேராசிரியர் ஆக்கவே இல்லை.

பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர்

அந்தக் காலத்தில் மாசசூசெட்ஸ் ஒரு பெரிய சிப்காட் மாதிரிதான் இருந்தது. ஆற்றங்கரை முழுக்க நெசவு ஆலைகள், தோல் பதனிடும் கூடங்கள், சாயப் பட்டறைகள். மெரிமாக் ஆற்றின் மேல்புறம் லோவெல் நகரம் சாக்கடையை ஆற்றில் விடும். கீழ்ப்புறம் லாரன்ஸ் நகரம் அதே ஆற்றைக் குடிக்கும். டைபாய்டு வந்து ஜனங்கள் சாவார்கள்.

1887-இல் மாநில சுகாதார வாரியம் ஒரு முடிவெடுத்தது. மாநிலத்தின் ஆறு, ஏரி, குடிநீர் ஆதாரம் எல்லாவற்றையும் தொடர்ந்து பரிசோதிப்பது! அதுவரை அந்த அளவில் யாரும் செய்ததில்லை. பேராசிரியர் தாமஸ் டிரவுன் பொறுப்பாளர். லேப்பை நடத்தியவர் எலன். இரண்டே ஆண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்ட தண்ணீர் மாதிரிகள் அந்த லேப்புக்குள் வந்தன.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. அப்போது பி.எச். மீட்டர் கிடையாது, ஸ்பெக்ட்ரோ ஃபோட்டோமீட்டர் கிடையாது. அம்மோனியா பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரை வாலை வடித்து, நெஸ்லர் கரைசல் விட்டு, வரும் மஞ்சள் நிறத்தைப் பக்கத்தில் வரிசையாக வைத்த தெரிந்த அளவுக் குழாய்களோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். மாதிரியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கவும் முடியாது. பாட்டிலுக்குள்ளேயே நுண்ணுயிர்கள் வேலை செய்து அம்மோனியாவின் அளவை மாற்றிவிடும். வந்த பாட்டிலை உடனுக்குடன் பார்த்தாக வேண்டும். மழையானாலும் பனியானாலும் இப்படியே இரண்டு வருஷம்! முந்தின பாட்டிலும் இதே ஏரிதானே என்று ஒரு நாள் அடித்து விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

குளோரைடு சொன்ன சாட்சி

இந்த ஆயிரக்கணக்கான எண்களிலிருந்து டிரவுனும் எலனும் கண்டுகொண்ட ஒரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

மனிதன் உப்புத் தின்கிறான். அந்த உப்பிலுள்ள குளோரைடு சிறுநீரில் வெளியேறிச் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையிலுள்ள மற்ற அழுக்கை மண்ணும் நுண்ணுயிரும் மெல்ல மெல்லத் தின்று தீர்த்துவிடும். குளோரைடை எதுவும் தின்னாது. ஆகவே ஒரு கிணற்றில் சாக்கடை கசிந்ததா என்ற வழக்கில் கடைசி வரை ஓடிப்போகாத சாட்சி குளோரைடுதான்.

ஆனால் ஒரு சிக்கல். கடற்கரையோரம் காற்றிலேயே உப்பு வருகிறது. அழுக்கே இல்லாத சுத்தமான குளத்திலும் அங்கே குளோரைடு கூடுதலாக இருக்கும். உள்நாட்டு மலைப்பக்கம் போனால் அது மிகக் குறைந்துவிடும். அப்படியென்றால் ஒரு குறிப்பிட்ட எண் அதிகமா, குறைவா? இடத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது!

அதனால் மாநிலம் முழுவதும் மனிதக் கழிவு கலக்காத நீர்நிலைகளின் குளோரைடு அளவை எடுத்து மேப்பில் குறித்தார்கள். ஒரே அளவுள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்தார்கள். நம்ம சிவில் நண்பர்கள் சர்வே ஷீட்டில் கான்டூர் வரைகிறார்களே, அதே மாதிரி. கடலை ஒட்டிக் கோட்டுக்குக் கோடு அளவு குறைந்துகொண்டே உள்ளே போனது. இப்போது எந்த ஊர்த் தண்ணீரை எடுத்தாலும் அந்தக் கோட்டில் இருக்க வேண்டிய இயல்பான அளவு என்ன என்று தெரியும். அதற்கு மேல் இருந்தால் அது மனிதன் சேர்த்தது. அந்த மேப் இயல்புக் குளோரின் வரைபடம் என்று பேர் பெற்றது. அமெரிக்காவில் மாநில அளவில் தண்ணீருக்குத் தர அளவுகள் வருவதற்கு இந்த ஆய்வே அடித்தளம் என்று சொல்வார்கள்.

அழுக்கைக் கண்டுபிடிக்க அழுக்கை மட்டும் அளந்தால் போதாது. அழுக்கில்லாத நாளில், அழுக்கில்லாத இடத்தில் என்ன அளவு என்பதையும் ஒருவர் பொறுமையாக எழுதி வைத்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்காத நாளின் ரீடிங்தான் ஏதாவது நடந்த நாளில் சாட்சிக்கு வரும். இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். பத்து மணி 7.2 கண் முன்னால் வந்து நின்றது.

லாரன்ஸிலிருந்து பெங்களூருக்கு

அதே 1887-இல் சுகாதார வாரியம் லாரன்ஸ் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சாக்கடையையும் குடிநீரையும் எப்படிச் சுத்தம் செய்வது என்று மணல் தொட்டிகளில் சோதித்துப் பார்த்த இடம் அது. 1893-இல் லாரன்ஸ் நகரம் மணல் வடிகட்டி அமைத்ததும் டைபாய்டு சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அந்த நிலையத்தில் வேலை பார்த்த ஆலன் ஹேசன் எம்.ஐ.டி.யில் படித்தவர். ஹேசன்-வில்லியம்ஸ் ஃபார்முலாவை நெட்டுருப் போடுகிறீர்களே, அந்த ஹேசன்தான்! நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-இல் தண்ணீரின் நிறத்தை ஹேசன் யூனிட் என்று சொல்வதும் அவர் பேரில்தான்.

1890 வாக்கில் எம்.ஐ.டி. சுகாதாரப் பொறியியல் என்ற புதிய படிப்பைத் தொடங்கியது. தண்ணீர், காற்று, சாக்கடை மூன்றையும் பகுத்தாயும் லேப் வகுப்பை எலன் எடுத்தார். அவரிடம் படித்தவர்கள் பல ஊர்களுக்கும் வாட்டர் ஒர்க்ஸ் வேலைக்குப் போனார்கள்.

அந்த லாரன்ஸ் நிலையத்துக்கு 1912-இல் இங்கிலாந்திலிருந்து கில்பர்ட் ஃபௌலர் என்ற வேதியியலாளர் வந்தார். கழிவுநீரில் காற்றைச் செலுத்தும் சோதனையைப் பார்த்துவிட்டு மான்செஸ்டர் திரும்பி, ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவரிடம் சொன்னார். அவர்கள் 1914-இல் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையை உலகுக்கு அறிவித்தார்கள். ஃபௌலர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். நான் டிரெயினிங் போன நிலையத்திலும் அதே முறைதான். எங்கேயோ லாரன்ஸில் எடுத்த ரீடிங் நம் ஊர் ஏரேஷன் டேங்க் வரை வந்துவிட்டது பார்த்தீர்களா!

கடைசி நாட்கள்

எலன் தண்ணீரோடு நிற்கவில்லை. குறைந்த செலவில் சத்தான உணவு சமைப்பதை ஆராயும் சமையற்கூடத்தை 1890-இல் பாஸ்டனில் தொடங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதே மாதிரி ஒரு சமையற்கூடம் அமைத்து ஜனங்களுக்குக் காட்டினார். மனையியல் என்று இன்று நம் ஊர்ப் பெண்கள் கல்லூரிகளில் இருக்கிறதே, அந்தத் துறைக்கு அமெரிக்காவில் அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் அவர். 1908-இல் அமெரிக்க மனையியல் சங்கத்தின் முதல் தலைவரும் ஆனார். 1910-இல் ஸ்மித் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. எம்.ஐ.டி. தராததை வேறொரு காலேஜ் தந்தது. அடுத்த ஆண்டு, 1911 மார்ச் 30-ஆம் நாள், தமது 68-ஆம் வயதில் இதய நோயால் காலமானார். கடைசி வரை வேலை பார்த்துக்கொண்டே போனவர்.

நம்ம ஊர்க் கணக்கு

இப்போது நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வருவோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம் என்று சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் நம்மிடம்தான். 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலேயே இருக்கிறது. தேர்வாய்கண்டிகையில் சிப்காட்டும் இருக்கிறது. ஆரணியாறு பழவேற்காடு ஏரிக்குப் போகிறது. கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. அங்கெல்லாம் மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. குடிநீரும் கம்பெனியும் மீனவர் வாழ்க்கையும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இடத்தில் அளவு பார்ப்பது எவ்வளவு முக்கியம்!

சட்டம் இல்லாமல் இல்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம் 1982-இல் அமைந்தது. கழிவுநீரை ஆறு, ஏரியில் விடுவதற்கான பொது விதியில் பி.எச். 5.5-க்கும் 9-க்கும் நடுவே, பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250, ஈயம் 0.1, ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 என்று வரம்பு இருக்கிறது. ஊர்ச் சாக்கடையில் வீட்டுக் கழிவு மட்டும் வந்தால் பி.ஓ.டி.யோடு போகும். பட்டறைத் தண்ணீர் கலந்தால் ஈயம், குரோமியம், எண்ணெய் என்று வரும். உலோகத்தை நுண்ணுயிர் தின்று தீர்க்காது. பெரும்பகுதி சேற்றில் தங்கும். அந்தச் சேற்றை எரு என்று வயலில் போட்டால் நிலத்துக்குப் போகும்.

இன்றைக்கு சென்சார் வந்துவிட்டது, ஆன்லைனில் நேரே ரீடிங் போகிறது, ஆள் எதற்கு என்று கேட்கலாம். சென்சாரை யார் துடைப்பது? யார் காலிபிரேட் செய்வது? முனையைத் தூக்கி நல்ல தண்ணீர் வாளியில் போட்டுவிட்டால் அதுவும் 7.2 என்றுதான் சொல்லும். மிஷின் பொய் சொல்லாது. பக்கத்தில் நிற்கும் ஆள் சொல்ல வைப்பான். அந்த ஆள் நாளைக்கு நீங்களோ நானோதான். டிப்ளமா முடித்தவனுக்குத்தான் அந்த வேலை வரும்.

ஒரு வேண்டுகோள்

இந்த வருஷம் எங்கள் பிராஜெக்டுக்கு அந்த அம்மையாரின் மேப்பையே எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் வரும் நண்பர்கள் ஊத்துக்கோட்டை, பொன்னேரி, கவரைப்பேட்டை, பழவேற்காடு என்று அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை திங்கட்கிழமை காலையில் பாட்டிலில் கொண்டுவந்து தந்தார்கள். சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன், பொட்டாசியம் குரோமேட் இண்டிகேட்டர், செங்கல் நிறம் வந்தால் நிறுத்த வேண்டும். இந்த முறை மூன்று முறையும் உண்மையாகவே மூன்று முறை!

கடலோரத்தில் கூடுதல், உள்ளே குறைவு என்று பொதுவாக வந்தது. ஒரே ஓர் ஊர் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. சாக்கடைதான் என்று ஒருவன் குதித்தான். சார் அவனை உட்கார வைத்தார். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீரே உள்ளே வந்தது. குளோரைடு கூடினால் அதுவாகவும் இருக்கலாம், அம்மோனியாவும் நைட்ரேட்டும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதே என்றார். பிறகு, போன வருஷம் அந்தக் கிணற்றில் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லையே!

ஆகவே ஜூனியர் தம்பி தங்கைகளே, அந்தத் தாளை லேப் சுவரில் ஒட்டி வைத்துவிட்டுப் போகிறோம். வருஷா வருஷம் அதே கிணறு, அதே மாதம், அதே முறை. நீங்கள் ஒரு வரி சேருங்கள். தயவுசெய்து எங்கள் எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள்.

அந்த நைட் ஷிஃப்ட் அண்ணனைப் போன மாதம் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். சரி வுடு தம்பி, மெமோ பழசாயிட்ச்சு, ஆனா அந்தத் தாள் மட்டும் ஃபைல்ல அப்படியேதான் கீது என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் அந்த இன்ஜினீயருக்கு என் கையெழுத்திலேயே ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அன்று காலை பத்து மணிக்கு நான் சேம்பருக்குப் போகவில்லை, அந்த 7.2 நான் பார்த்த அளவு இல்லை, அதை அடித்துவிடவும் என்று. என் வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் சரியான ரீடிங் அதுதான் என்று நினைக்கிறேன்.